ஆடிச் செவ்வாயில் வரவேண்டிய மாப்பிள்ளை

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை, அவர்கள் இன்னார் என்று தெளிவாகத் தெரிந்திருந்தும், திருநின்றவூர் ஏரிக்கரைப் பக்கம் கைகாட்டி அனுப்பிவைத்தவன் நான். இதுவரை இதை எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. வாய்மொழியாக ஒப்புக்கொள்ளும் அவசியமும் எனக்கு நேர்ந்ததில்லை. நான் வாய் திறப்பதற்கு முன்பே என் குடும்பத்தார் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. மீதியை உணவு இடைவேளைகளில் தொழிற்சாலை நூலகத்தில் படித்தேன். அப்படித் தானாகவே கற்றவனுக்கு ஒரு வியாதி வரும். கற்றதை உடனே யாருக்காவது சொல்லியாக வேண்டும். (சொல்லாவிட்டால் வயிறு உப்பும்.) திருநின்றவூருக்கும் ஆவடிக்கும் இடையே மின்ரயிலில் என்னோடு பயணம் செய்த நண்பர்கள், நான் ஏறும் பெட்டியைப் பார்த்து அடுத்த பெட்டியில் ஏறியதை வெகுகாலம் நான் தற்செயல் என்றே எண்ணியிருந்தேன்.

எனக்கு மிகவும் பிடித்த பொருள், நாட்டுக்கு நாடு வழக்கங்கள் ஏன் மாறுகின்றன என்பது. நாம் ஏன் சாலையின் இடப்புறம் செல்கிறோம், அமெரிக்கர் ஏன் வலப்புறம் செல்கிறார்கள்? பழங்காலத்தில் வாள் ஏந்தும் வலக்கை எதிரே வருபவன் பக்கம் இருக்கவேண்டும் என்று இடப்புறம் சென்றார்கள் என்பர் சிலர். பல குதிரை பூட்டிய வண்டியை, இடப்பக்கத்துக் குதிரையின் மேல் அமர்ந்து ஓட்டியவர்கள், எதிர்வண்டியின் சக்கரம் தம் பக்கம் தெரியவேண்டும் என்று வலப்புறம் சென்றார்கள் என்பர் வேறு சிலர். நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முன்னே எழுதுகிறார்கள். அங்கே விளக்கின் சுவிட்சை மேலே தள்ளினால் எரியும். இங்கே கீழே தட்டினால் எரியும். இவற்றையெல்லாம் கடல் தாண்டாமலேயே அறிந்தவன் என்பதில் எனக்கு அளவற்ற பெருமிதம். அந்தப் பெருமிதம்தான் என் மகளின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

மகள் பெயர் கயல்விழி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அப்போது அவளுக்கு முப்பது வயது. மூன்று வரன்கள் வந்து, மூன்றும் ஒவ்வொரு காரணத்தால் நழுவியிருந்தன. நான்காவதாக வந்தது அமெரிக்க வரன். பையன் நவீன். அவனுடைய தந்தை வேதமூர்த்தி, கொரட்டூரில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் குடியேறியவர். இரு குடும்பமும் கூடி ஒருமுறை வீடியோவில் பேசினோம். பேசி முடித்ததும் கயல்விழி, "பரவால்லப்பா" என்றாள். எங்கள் வீட்டில் அது மிக உயர்ந்த பாராட்டு. என் மனைவி செண்பகத்தின் சாம்பாருக்கே அந்தச் சொல் ஆண்டுக்கு இருமுறைதான் கிடைக்கும். முந்திய மூன்று பேருக்கும் அவள் தோளைக் குலுக்கியதோடு சரி. ஆகவே இந்த வரன் கைகூட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு பிரார்த்தனை இல்லை.

முறைப்படி பெண் பார்க்கும்வரை இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்ளக் கூடாது என்று நான் ஒரு விதி வகுத்தேன். என் மகள் என் பேச்சைத் தட்டாமல் கேட்ட வெகுசில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அவள் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை.

ஜூன் மாதத் தொடக்கத்தில் வேதமூர்த்தியிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. ஊருக்கு வருவதாகவும், பத்து நாள் மட்டுமே தங்குவதாகவும், 08/07 அன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் இல்லம் வருவதாகவும் எழுதியிருந்தார். சாதாரண மனிதன் அதை ஜூலை எட்டு என்று படித்திருப்பான். நான் சாதாரண மனிதனா? அமெரிக்காவில் இருப்பவர் எழுதியது. மாதம் முன்னே, நாள் பின்னே. எனவே ஆகஸ்ட் ஏழு. வீட்டாரைக் கூட்டிவைத்து இந்த நுட்பத்தைக் கால் மணி நேரம் விளக்கினேன்.

செண்பகம் தினசரி காலண்டரின் தாள்களை அடியோடு தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, ஆகஸ்ட் ஏழு ஆடி மாசம். அதுவும் செவ்வாக்கெழம. ஆடிச் செவ்வாயில எவனாச்சும் பொண்ணு பாக்க வருவானா?"

அமெரிக்காவில் ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது, செவ்வாய்க்கிழமைக்கு அங்கே எந்த தோஷமும் இல்லை என்று நான் எடுத்துரைத்தேன். நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். விரிந்த பார்வை வேண்டும் என்றேன். செண்பகம் தாள்களைத் தொப்பென்று விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ஒருமுறை போன் செய்து கேட்டுவிடலாமே என்று கயல்விழி சொன்னாள். கேட்டால், அமெரிக்க முறை தெரியாத பட்டிக்காட்டான் என்று நம்மை நினைத்துவிடுவார்கள் என்று மறுத்துவிட்டேன்.

பதில் செய்தியிலாவது தேதியைத் திருப்பி எழுதியிருக்கலாம். அது நம் தகுதிக்குக் குறைவு. "தாங்கள் அன்புடன் குறித்தருளிய அந்நன்னாளில், எளியேன் இல்லம் வாயில் திறந்து காத்திருக்கும்" என்று எழுதி அனுப்பினேன். (அனுப்பிய பிறகு அதை நானே நான்கு முறை படித்துச் சுவைத்தேன்.)

இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறதே என்று வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கினேன். வர்ணம் பூச ஏழுமலை என்பவரை ஏற்பாடு செய்தேன். நல்ல வேலைக்காரர், ஆனால் ஏணியின் மேல் ஏறிவிட்டால் ஊர் விவகாரம் அனைத்துக்கும் தீர்ப்பு சொல்வார். ஜூலை எட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். பீரோவும் கட்டிலும் கூடத்தின் நடுவே குவிந்திருந்தன. துணிமணிகள் மூட்டை கட்டப்பட்டிருந்தன. அடுப்பு கொல்லைப்புறத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. வாசற்கதவை மெருகிடுவதற்காகக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தோம். நான் எழுதியபடியே வாயில் திறந்துதான் இருந்தது.

நானோ, லுங்கியும் பனியனும் அணிந்து, தலையில் துண்டு கட்டி, ஏழுமலையோடு சேர்ந்து மேற்கூரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் இருந்த வெள்ளை, கூரையில் இருந்ததைவிட அதிகம். கயல்விழி என் பழைய தொழிற்சாலைக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு சன்னல் கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தே முக்காலுக்குத் தொலைபேசி ஒலித்தது. வேதமூர்த்தி.

"சார், ரயில்வே ஸ்டேஷன தாண்டிட்டோம். பையன்தான் வண்டி ஓட்டறான், அதான் கொஞ்சம் மெதுவா வரோம். பத்து நிமிஷத்துல அங்க இருப்போம்."

ஊருக்கு வந்ததும் சொல்லியிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் வந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாள் குறித்தாயிற்று, பிறகென்ன என்று அவர் இருந்துவிட்டார். நான் "வாங்க, வாங்க" என்றேன். அந்த இரண்டு சொற்களைச் சொல்லும் நேரத்தில் எட்டும் ஏழும் என் கண் முன்னே இடம் மாறி அமர்ந்தன. செண்பகம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. திருமணமாகி முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவள் சொன்னவற்றுள் மிகக் கடுமையானது அதுதான்.

வீட்டில் இனிப்பும் இல்லை, பழமும் இல்லை, பூவும் இல்லை. மாற்றுச் சட்டை எந்த மூட்டையில் என்று தெரியாததால், இருந்த கோலத்திலேயே மொபெட்டை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் பறந்தேன். அரைக்கிலோ ஜாங்கிரி, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, குறுக்குச் சந்து வழியே திரும்பினேன். எதிரே ஒரு வெள்ளைக் கார், தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்தது. அவர்கள்தாம்.

இப்போது என் அறிவு மறுபடியும் விழித்துக்கொண்டது. ஓட்டுபவன் அமெரிக்காவில் பழகியவன். பதற்றத்தில் தன் வலப்புறமே வருவான். அது எனக்கு இடப்புறம். ஆகவே விருந்தாளிக்கு வழிவிடுவது முறையென்று நான் என் வலப்புறம் ஒதுங்கினேன். அவனோ, இது இந்தியா, இடப்புறம் செல்லவேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். நேருக்கு நேர் வந்தோம். சரி, நம் ஊர் முறைப்படியே வருகிறான் என்று நான் இடப்புறம் திரும்பினேன். இந்தக் கிழவர் வலப்புறம் வருகிறாரே என்று அவன் வலப்புறம் திருப்பினான். மறுபடி நேருக்கு நேர். மூன்றாம் முறையும் இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டோம். அதன் பிறகு கார் நின்றது. மொபெட் நிற்கவில்லை. யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணற்குவியலில், நானும் ஜாங்கிரியும் வாழைப்பழமும் தனித்தனியே புதைந்தோம்.

நவீன் இறங்கி ஓடி வந்து என்னைத் தூக்கினான்.

"தாத்தா, அடி பட்டுச்சா? சாரி தாத்தா, சாரி."

முழங்கையில் பட்ட அடியைவிட அந்தத் 'தாத்தா' அதிகமாக வலித்தது. காரின் உள்ளிருந்து வேதமூர்த்தி தலையை நீட்டினார். வெள்ளையும் மணலும் அப்பிய என் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கொரட்டூர் வாசம் முப்பது ஆண்டில் அவர் நாவை விட்டுப் போய்விடவில்லை என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது.

"பெயிண்டர் நைனா, பெரிசா ஒண்ணும் இல்லியே? இங்க சபாபதி சார் ஊடு எங்க கீது?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'அந்தச் சபாபதி நான்தான்' என்று சொல்லி, அவர்களை அழைத்துப் போயிருக்க வேண்டும். வீட்டுக்குக் கதவே இல்லை, முகத்தில் வெள்ளை, கையில் மணல் ஜாங்கிரி. குளிப்பதற்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் போதும் என்று மட்டுமே தோன்றியது. என் கை தானாக உயர்ந்து, ஏரிக்கரையைக் காட்டியது. "நேரா போயி, ஏரி வந்ததும் லெஃப்ட்ல திரும்புங்க" என்று குரலை மாற்றிச் சொன்னேன். நவீன் நன்றி சொன்னான். என்னைப் பார்த்து ஒரு நொடி தயங்கி, கீழே கிடந்த மல்லிகையை எடுத்து, மணலைத் தட்டி, என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு ஓடினேன். கொல்லையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். செண்பகம் எப்படியோ ஒரு வெள்ளைச் சட்டையைக் கண்டெடுத்திருந்தாள். கயல்விழியை உடை மாற்றச் சொன்னேன். புடவை பீரோவில் இருந்தது. பீரோவின் கதவுக்கு முன்னால் கட்டில் இருந்தது. கட்டிலின் மேல் மற்றவை அனைத்தும் இருந்தன. "இப்படியே பாக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, மல்லிகையை வாங்கிச் சூடிக்கொண்டாள். காக்கிச் சட்டையும் மல்லிகையும். அவள் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் காப்பித் தட்டை எடுத்தபோது தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. அந்த ஒலியில்தான், நான் எதைப் பணயம் வைத்து விளையாடிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

ஏரியைச் சுற்றிவிட்டு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். வேதமூர்த்தி, அவர் மனைவி, நவீன், கொரட்டூரில் இருக்கும் வேதமூர்த்தியின் அக்காள். அமர்வதற்கு நாற்காலிகள் மூட்டைகளுக்கு அடியில் இருந்ததால், வர்ண வாளிகளைக் கவிழ்த்து மேலே போர்வை விரித்திருந்தோம். அக்காள் வாளியையும் கதவில்லாத வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். கேசரியோ பஜ்ஜியோ வராமல், முந்தின வாரத்து முறுக்கு வந்தது. அவர் தட்டைத் தொடவில்லை.

"ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சி வரோம். வந்த எடத்துல ஏணியும் சுண்ணாம்புமா கீது. நம்மள மதிக்கலைன்னு இதுக்கு மேல எப்டி சொல்லுவாங்க? எழுந்திரு மூர்த்தி."

அவர் எழுந்தேவிட்டார். வேதமூர்த்தியின் மனைவியும் புடவையைச் சரிசெய்தார். நான் உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, வர்ணம் பூசுபவர் நாள் தவறி வந்துவிட்டதாகவும், தவறு முழுதும் அவர் மீதே என்றும் விளக்கத் தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்துக்கு நான் போவதற்குள் ஏணியின் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா சார், நானா? மாப்ள ஊட்டுக்காரங்க ஆகஸ்ட் ஏழு வராங்க, அமெரிக்காகாரன் மாசத்ததான் மொதல்ல எழுதுவான்னு ஏணி கீழ நின்னுகினு எனக்கே அர மணி நேரம் கிளாஸ் எடுத்தியே. மறந்துட்டியா?"

ஏழுமலை தூரிகையை வாளியில் தோய்த்து வேலையைத் தொடர்ந்தார். கயல்விழி காப்பித் தட்டோடு கொல்லை வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. 'சொல்லிடுங்கப்பா' என்பது மட்டுமே இருந்தது. என் வாழ்நாளில் முதன்முறையாக, எனக்குத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். தேதியை மாற்றிப் படித்ததையும், கேட்கச் சொன்ன மகளைத் தடுத்ததையும், ஆடிச் செவ்வாய் என்று எச்சரித்த மனைவிக்கு விரிந்த பார்வை போதித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மதிக்காததால் வீடு இப்படி இல்லை, உங்களுக்காகத்தான் வீட்டையே பிரித்துப் போட்டிருக்கிறேன் என்றேன்.

வேதமூர்த்தி கைப்பேசியை எடுத்துத் தாம் அனுப்பிய செய்தியைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கோபத்தால் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"சார், நான் மொதல்ல எங்க வழக்கப்படி 07/08-ன்னுதான் அடிச்சேன். இந்தியாவுல இருக்கறவருக்குக் கொழப்பமா இருக்குமேன்னு அழிச்சுட்டு, உங்களுக்காக மாத்தி எழுதினேன்."

"நீங்க அவருக்காக மாத்தினீங்க. அவர் உங்களுக்காக மாத்திட்டாரு" என்றாள் செண்பகம். தொலைபேசி வந்த பிறகு அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் வேதமூர்த்தியின் மனைவி. பிறகு அனைவரும். அக்காள் மட்டும் நின்றபடியே, அது சரி, ஆடியில் பெண் பார்க்க வருவோம் என்று எந்த மடையன் நம்புவான் என்று கேட்டார். செண்பகம் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்காக ஒரு மாதமாக அவள் காத்திருந்தாள். இருவரும் அருகருகே வாளிகளில் அமர்ந்து, என்னைப் பற்றி வெகு அன்போடு பேசத் தொடங்கினார்கள். அக்காள் ஒரு முறுக்கை எடுத்து உடைத்தார்.

தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டபோது வேதமூர்த்தி கேட்டார்: "ஆமா சார், உங்க பெயிண்டர் இன்னொருத்தர், கொஞ்சம் வயசானவரு, எங்கள ஏரிக்கரைக்கு அனுப்பிட்டாரே, அவரு எங்க?"

தலையை அசைத்து மறுக்கலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். நவீன் என் இடப்புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு திட்டு வெள்ளை மிச்சமிருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, சொல்லாமல் இருந்திருக்கிறான்.

"விடுங்கப்பா" என்றான் அவன். "அவர் எனக்கு வழி விட்டாரு. நான் அவருக்கு வழி விட்டேன். அதான் மோதிட்டோம்."

கயல்விழி அவனை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "அப்பா, அது நீங்களா?" என்று என்னைக் கேட்டாள், பார்வை அவன் மீதிருந்து நகரவில்லை. பிறகு தன் கூந்தலைத் தொட்டு, அதிலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அந்த மல்லிகையை மணலில் இருந்து எடுத்துக் கொடுத்தவன் யார் என்று நான் சொன்னேன். அன்று நான் சொன்ன உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான்.

அவர்கள் புறப்பட்ட பிறகு கருத்து கேட்டோம். "ரொம்பப் பரவால்லப்பா" என்றாள். அப்படி ஒரு சொல் எங்கள் வீட்டில் அதற்கு முன் பயன்பட்டதில்லை.

பிற்பாடு ஓய்வாக யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. எழுதும்போது நாளை முன்னே வைக்கும் நாம், பேசும்போது 'ஜூலை எட்டு' என்கிறோம். 'ஆனி இருபத்து நாலு' என்கிறோம். மாதம்தான் முன்னே வருகிறது. நம் வாயிலேயே ஓர் அமெரிக்கர் குடியிருக்கிறார். வாளையும் குதிரையையும் நான் எவ்வளவு ஆராய்ந்தும் பயனில்லை. இடமோ வலமோ, எதிரே வருபவன் எந்தப் பக்கம் வருகிறான் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். அதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமானதாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம். பஞ்சாங்கத்தில் நான்கு நாட்கள் பொருந்திவந்தன. வேதமூர்த்தி ஒரு நாளின்மேல் விரலை வைத்து, இதைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்கமாட்டேன் என்றார். செப்டம்பர் ஒன்பது.

"09/09. நீங்க எந்த நாட்டு வழக்கப்படி படிச்சாலும் அன்னிக்குத்தான், சம்பந்தி, கல்யாணம்."

அழைப்பிதழ் அச்சானபோது ஏழுமலைக்கு முதல் அழைப்பிதழ் கொடுத்தோம். அவர் தேதியை இரண்டு முறை படித்து, "இதுல நீ கிளாஸ் எடுக்க ஒண்ணுமே இல்லியே சார்" என்று வருந்தினார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் இருவர் வாசற்படியிலோ நடையிலோ எதிரெதிரே வந்து, ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொண்டால், ஒருவர் மற்றவரைப் பார்த்து, "அமெரிக்காவா, திருநின்றவூரா?" என்று கேட்பது வழக்கம். பதில் சொன்ன பிறகே நகரலாம். சம்பந்தி வீட்டிலும் இது நடைமுறையில் இருக்கிறது. அங்கே எங்கள் ஊர் எங்கிருக்கிறது என்று தெரியாத நண்பர்கள்கூட இதைச் சொல்கிறார்கள் என்று கேள்வி.

சென்ற ஆண்டு நானும் செண்பகமும் அங்கே போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தோம். திரும்பும் நாளன்று, விமான நிலையத்தில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும்போது, வழியனுப்ப வந்த கயல்விழி கடைசியாக ஒருமுறை கட்டிக்கொள்ள முன்னே வந்தாள். நான் வலப்புறம் சாய்ந்தேன், அவளும் அதே பக்கம் சாய்ந்தாள். மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டோம்.

"அமெரிக்காவா, திருநின்றவூராப்பா?" என்றாள்.

எந்தக் கேள்விக்கும் விடை தெரிந்தவனாகவே வாழ்ந்த நான், வழக்கம்போல் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு, இந்த வயதில் கற்ற புதிய வித்தையைச் செய்தேன்.

"நீ எந்தப் பக்கம் வர்றே, கண்ணு?" என்று கேட்டுவிட்டேன்.